நான்காவது அம்பு

துணி லாரிக்கு மாவிலைத் தோரணம் கட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குள் லாரி திரும்பி எங்கள் கம்பெனி வாசலில் நின்றதும், வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். கோயில் வண்டி என்று நினைத்திருப்பான், பாவம். உள்ளே இருந்தது சாமி அல்ல, சாயம் ஏற்றிய பனியன் துணி. நல்ல சிவப்பு. உருளை உருளையாக அடுக்கி, ஒவ்வொரு உருளைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தேங்காய் பழத் தட்டு.

எங்கள் முதலாளி மகுடேஸ்வரன் ஆபீஸ் படியிறங்கி வந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "சம்மந்தி பட்டறையில இருந்து வர்ற மொத லோடுங்க. எங்களுக்கு இது லோடு இல்லீங்க, சீருங்க" என்று லாரியோடு வந்த மேனேஜரிடம் சொன்னார். அந்த ஆளும் வெட்கப்பட்டுச் சிரித்தார். டெலிவரி சலானுக்குக்கூட மஞ்சள் தடவியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். முதலாளியின் மகன் நித்தீஷுக்கும், ஊத்துக்குளி ரோட்டில் சாயப்பட்டறை வைத்திருக்கும் தரணீதரனின் மகள் தேஜஸ்ரீக்கும் உப்புச்சக்கரை மாற்றியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் உப்புச்சக்கரை மாற்றிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மாற்றிய கையோடு, இத்தனை வருஷமாக எங்களுக்குச் சாயம் போட்டுக்கொடுத்த பட்டறைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டருக்கான துணி மொத்தத்தையும் சம்மந்தியின் பட்டறைக்கு முதலாளி அனுப்பிவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றுவதற்கு முன்பே துணியும் சாயமும் மாலை மாற்றிக்கொண்டன.

நான் அங்கே க்யூசி இன்சார்ஜ். பெயர் அருள்குமார். வந்த துணியைப் பார்ப்பது, தைத்ததைப் பார்ப்பது, குறை இருந்தால் நிறுத்துவது என் வேலை. என் அம்மா பழனாத்தாள் அதே ஹாலில் பிசிர் வெட்டினாள். தைத்த துணியில் தொங்கும் நூலைக் கத்தரித்துக்கொண்டே இருக்கும் வேலை. முன்பு முதலாளியின் தோட்டத்தில் களை எடுத்தவள். அவர் தோட்டத்தை விட்டுக் கம்பெனி ஆரம்பித்தபோது இவளும் களைக்கொத்தை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டாள். நான் அவரை சார் என்பேன். அவள் சாமி என்பாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுவார், ஒருமையில்.

எங்கள் வீட்டில் டிப்ளமோ படித்த முதல் ஆள் நான். படித்ததைவிடப் பெரிய காரியம் ஒன்று அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அதாவது எங்கள் பையர், ஒவ்வொரு ஃபேக்டரியிலும் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் தரக் கட்டுப்பாட்டு ஆளாக அங்கீகரிப்பார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், அவர்களுக்குத் துணி தைக்கிற எந்தக் கம்பெனியும் கூப்பிட்டு வேலை கொடுக்கும். கோவையில் ஒரு பயிற்சி மட்டும் பாக்கி. முதலாளியின் நிலத்தையோ, பெரியவர்களின் சிபாரிசையோ நம்பாமல், என் பெயரே எனக்குச் சோறு போடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

சாயத் துணி வந்தால் நாங்கள் செய்யும் சோதனை ஒன்றும் பெரிய விஞ்ஞானம் அல்ல. துணியில் ஒரு துண்டு வெட்டி, வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு ஊற வைக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் சரி. அன்றைக்கு நான் ஊற வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். வாளித் தண்ணீர் குங்குமம் கரைத்த மாதிரி இருந்தது. வெள்ளைத் துண்டு ரோஸாகிவிட்டது. வேறு உருளையில் வெட்டிப் பார்த்தேன், அதுவும் அப்படியே. சாயம் ஏற்றிய பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒட்டாத சாயத்தை எடுத்துவிட வேண்டும். அந்தக் கழுவலை அவர்கள் செய்யவே இல்லை என்பது தெரிந்தது. அந்த டி-ஷர்ட்டுக்கு உடம்பு சிவப்பு, கை வெள்ளை. முதல் தடவை துவைத்ததும் கையெல்லாம் ரோஸாகிவிடும்.

ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு முதலாளியைத் தேடினேன். செக்கிங் ஹாலில், அம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கல்யாண மண்டபத்து போட்டோக்களை போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சாயம் போகுதுங்க. லோடு மொத்தமும் இப்படித்தானுங்க இருக்குது."

துண்டை வாங்கி விரித்துப் பார்த்தார். அவர் ஒன்றும் தெரியாதவர் அல்ல. பனியன் தொழிலில் தலை நரைத்தவர். பார்த்த உடனே முகம் சுருங்கிவிட்டது.

"திருப்பி அனுப்பிடலாமுங்க சார். மறுபடி சோப்பு வாஷ் போட்டுக் குடுத்துட்டாங்கன்னா சரியாயிரும். நாளும் இருக்குதுங்க."

அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவனைப் போலப் பார்த்தார்.

"திருப்பி அனுப்பறதா? என்ன பேச்சுப் பேசறே கண்ணு? உப்புச்சக்கரை மாத்தியாச்சு. பொண்ணு ஊட்டுல இருந்து வந்ததைக் கலியாணத்துக்கு முன்னால திருப்பி அனுப்புனா அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். சம்பந்தம் முறிந்தால் வாங்கின சீரைத் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் தட்டு தெருவில் திரும்பிப் போவதைப் பார்த்தாலே ஊருக்குப் புரிந்துவிடும். ஆனால் அது தட்டுக்கு. பனியன் துணிக்குமா?

"லாரி எதுத்தாப்பல போறதை ஊத்துக்குளி ரோட்டுல ஆரும் பாக்க மாட்டாங்களா? மாவிலை கட்டி வந்த வண்டிப்பா அது. சாயங்காலத்துக்குள்ள சம்மந்தம் முறிஞ்சுபோச்சுன்னு எல்லாப் பட்டறையிலயும் பேசுவாங்க."

"அப்படின்னா வேற பட்டறையில வாஷ் மட்டும் போட்டுக்கலாமுங்க."

"அது இன்னும் கேவலம். சம்மந்தி போட்ட சாயத்தை இன்னொருத்தன் கழுவறதா?"

"ஒரு போனாவது பண்ணிச் சொல்லிடுங்க சார். அவங்களே ஆளை அனுப்பிச் சரி பண்ணுவாங்க."

இது அவருக்கு நியாயமாகப் பட்டது போலிருந்தது. அங்கேயே நின்று போன் போட்டார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் அந்த ரோஸ் துண்டு. நான் இன்றைக்கும் நினைத்துப் பல்லைக் கடிக்கும் காட்சி அது.

"ஏனுங் சம்மந்தி, சௌக்கியங்களா? ... ஆமாங்க, லோடு வந்துருச்சுங்க. ... கலருங்களா?" இங்கே ஒரு நொடி துண்டைப் பார்த்தார். "கலரு அமோகமுங்க! ... அட நீங்க வேற, உங்க பட்டறையில இருந்து வந்து கொறை இருக்குமுங்களா? ... இல்லீங்க, இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க. ... ஆமாங்க, மண்டபத்துக்குச் சொல்லியாச்சுங்க. ... செரிங்க. வெச்சர்றனுங்க."

போனை வைத்துவிட்டு, துண்டை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டை. பை ஓரம் லேசாக ரோஸானது. "பாத்துக்கலாம் கண்ணு. நீ மனசுல வெச்சுக்காதே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அம்மா தலையைத் தூக்காமல் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் எல்லாம் விழுந்தது.

மறுநாளே எனக்குப் பயிற்சிக்கு உத்தரவு வந்தது. அடுத்த மாதம் போக வேண்டிய ஆள், இடம் காலி இருக்கிறதென்று முன்னதாகவே அனுப்பப்பட்டேன். எதற்காக அனுப்புகிறார்கள் என்று புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனாலும் போனேன். போகாமல் இருந்தால் அந்தப் பட்டியல் போய்விடும்.

கோவையில் ஒரு ஓட்டல் ஹால். ஏசி குளிர் எலும்பைத் துளைத்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் எங்கள் வயதுக்காரர்தான், நல்ல பேச்சு. வெள்ளைப் பலகையில் நூல் மில், நிட்டிங், சாயப்பட்டறை, தையல், கப்பல், கடை, கடைசியில் ஒரு சின்னக் குழந்தை என்று வரிசையாகப் படம் போட்டார். பிறகு அம்புகள். சரக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், ஒரு அம்பு. பணம் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும், இரண்டாவது. தகவல் இரண்டு பக்கமும் ஓட வேண்டும், அதற்கு இரண்டு முனை வைத்த அம்பு.

"இந்த மூணோட நிறைய பேர் நிறுத்திடுவாங்க. நாலாவது ஒண்ணு இருக்கு" என்று சிவப்பு மார்க்கரை எடுத்தார். "குறையுள்ள சரக்கு, வந்த வழியே திரும்பிப் போறது. இதை யாரும் படத்துல போட விரும்ப மாட்டாங்க. ஆனா ஒரு கம்பெனி யோக்கியமானதான்னு இந்த அம்பை வெச்சுத்தான் சொல்ல முடியும். சீக்கிரம் திரும்பினா செலவு கம்மி. பக்கத்து வீட்டுலயே திரும்பிட்டா இன்னும் கம்மி. கடல் தாண்டித் திரும்பினா, கதை முடிஞ்சுது."

எழுந்து கேட்டேன்: "அந்த நாலாவது அம்பு போற வழியில ஒரு கல்யாணம் இருந்தா என்ன சார் பண்றது?"

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "கல்யாணத்தை முடிச்சுட்டு அனுப்பிடுங்க" என்றார். மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு மூன்று பேர் வந்து, நல்ல கேள்வி என்று கை கொடுத்தார்கள். கடைசி நாள் அங்கீகார அட்டை கொடுத்தார்கள். என் பெயர், என் போட்டோ. பஸ்ஸில் வரும்போது அதைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக வந்தேன்.

திரும்பி வந்தபோது சிவப்புத் துணி மொத்தமும் வெட்டியாகிவிட்டது, தைப்பதும் நடந்துகொண்டிருந்தது. பையருக்குக் காட்ட வேண்டிய லேப் சோதனைக்கு நித்தீஷ் துணி அனுப்பி, அது பாஸாகியும் வந்துவிட்டது. எப்படிப் பாஸானது என்று கட்டிங் மாஸ்டர் கந்தப்பனைக் கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "போன வருஷத்துச் செவப்புத் துணி கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு பாரு. பழைய பட்டறைச் சாயம்" என்றார். லேபுக்குப் போனது அந்தத் துணிதான். முதலாளியிடம் போய் மறுபடி சொன்னேன். "லேப்லயே பாஸாயிருச்சு. நீ லேபை விடப் பெரிய ஆளா கண்ணு?" என்றார். பெட்டி கட்டி, கண்டெய்னர் ஏறி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு டி-ஷர்ட்டுகள் கப்பலுக்குப் போயின.

அந்தப் பயிற்சியாளரின் பலகையில் கடைசியில் இருந்த குழந்தையின் அம்மா, சட்டையை மெஷினில் போட்டிருக்கிறாள். வெள்ளைக் கை மட்டுமல்ல, கூடக் கிடந்த துணியெல்லாம் ரோஸாகி வந்திருக்கிறது. அவளுக்குச் சம்மந்தி இல்லை. போட்டோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டாள். அவளைப் போல இன்னும் பல பேர். கடைகளிலிருந்து சரக்கை இறக்கிவிட்டார்கள். பையரின் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி விசாரணைக்கு வந்தார். வெளுத்துச் சிவந்த சட்டைகளைச் செக்கிங் மேஜை மேல் பரப்பினார்.

"துணி உள்ளே வந்தபோது சோதித்தவர் யார்?" என்பது அவருடைய முதல் கேள்வி.

"நான்தான் மேடம். சாயம் போகுதுன்னு அன்னைக்கே சார்கிட்டச் சொன்னேன்" என்றேன்.

முதலாளி வருத்தமாக என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பெற்ற பிள்ளை தப்பு செய்துவிட்டால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க மேடம். சொல்லியிருந்தா நான் துணியைத் தொட்டிருப்பனுங்களா? பையன் நல்ல பையன். டிரெய்னிங் போற அவசரத்துல பாக்காம உட்டுட்டான்."

"அந்தத் துண்டு எங்கே?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். சாரின் சட்டைப் பைக்குள் போனது என்றேன். எங்களுக்கு நேராக ஏன் எழுதவில்லை என்று கேட்டார். முதலாளியிடம் சொன்னால் போதும், அவர் மேலே சொல்வார் என்று நினைத்தேன் என்றேன். தகவல் கை மாறிக் கை மாறிப் போகும் என்றுதானே படம் போட்டுக் காட்டினார்கள். சாட்சி யாராவது உண்டா என்றார்.

"எங்கம்மா பக்கத்துல இருந்தாங்க."

அம்மாவை எழுப்பி நிறுத்தினார்கள். கையில் கத்தரியோடு வந்து நின்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இனி ஒரு வார்த்தைதான்.

"பழனாத்தா," என்றார் முதலாளி, ரொம்ப மெதுவாக. "நீ அந்த மேஜையிலதான இருந்தே. உன்ற பையன் எங்கிட்ட வந்து சாயம் போகுதுன்னு சொன்னானா? மேடத்துக்கு மனசுல இருக்கறதைச் சொல்லு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கத்தரியைத் திறந்து மூடினாள்.

"எனக்கு அப்படியொண்ணும் காதுல உழுகலீங்க சாமி."

நித்தீஷ் அந்த அதிகாரியின் பக்கம் குனிந்து, இவள் அவனுடைய சொந்த அம்மா என்று இங்கிலீஷில் சொன்னான். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு லேப்டாப்பை மூடினார். அதற்குப் பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நான் கத்திய கத்தலை இப்போது எழுதக் கூசுகிறது. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். "பெத்தவளா நீ?" என்று கேட்டேன். அவள் சிந்தின சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டே சொன்னாள்:

"மொதலாளி நேத்துக் கூப்புட்டு உட்டாரு கண்ணு. சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னாரு. நீ அவரை எதுத்து நின்னா உன்ற பேரைப் பையருக்கு எழுதிப் போட்டுருவாங்களாம். பேசாம இருந்தா பேரு வெளிய போகாதாம். கலியாணம் முடியற வரைக்கும் வேற செக்சன்ல வெச்சிருந்து, அப்பறம் இதே வேலைக்குத் திரும்பக் கூப்புட்டுக்குவாராம். உன்ற பேருதான முக்கியம்? அதைக் காப்பாத்தோணும்னுதான்..."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் மேல் வந்த கோபத்தைவிட அதற்குப் பிறகு வந்தது பெரிது, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. நான் உயிராக நினைத்த அந்தப் பெயரைக் காட்டியே அவளை வாங்கியிருக்கிறார்கள்.

பையரின் கடிதம் சீக்கிரமே வந்தது. தவறு செய்த தரக் கட்டுப்பாட்டு ஆள் அருள்குமாரைக் கம்பெனி நீக்கிவிட்டதாகத் தெரிவித்திருப்பதை ஏற்றுக்கொள்கிறோம், அவருடைய அங்கீகாரம் ரத்து செய்யப்படுகிறது, எங்களுக்குச் சரக்குத் தரும் எந்தக் கம்பெனியும் அவரைத் தரக் கட்டுப்பாட்டில் வைக்கக் கூடாது. நடவடிக்கை எடுத்ததைப் பாராட்டி, அடுத்த சீசனுக்கான ஆர்டரும் முதலாளிக்குக் கிடைத்தது. சாயம் போடுவது சம்மந்திதான்.

அம்மா முதலாளியைப் பார்க்கப் போனாள். பட்டு எடுக்கப் போயிருக்கிறார் என்றார்கள். மறுபடி போனாள். பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். ஆபீஸ் படியோரம் நின்று நின்று பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய் நூல் வெட்டினாள். வேலையை விட முடியாது. நான் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எல்லாரும் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "நாங்களும் அந்தப் பையருக்குத்தான் பண்றமுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று அனுப்பினார்கள். இந்த ஊரில் யாரும் யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. "ங்க" போட்டுத்தான் தள்ளுவார்கள். கடைசியில் ராயபுரத்தில் ஒரு வேஸ்ட் குடோனில் வேலை கிடைத்தது. கம்பெனிகளில் கழித்துப் போடும் வெட்டுத் துணியை எடை போட்டு மூட்டை கட்டும் வேலை. அங்கே யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை.

விற்காமல் நின்ற டி-ஷர்ட்டுகள் அதே கடலைத் தாண்டித் திரும்பி வந்தன. அந்தப் பயிற்சியாளர் சொன்ன மாதிரியேதான் ஆனது. பக்கத்து ரோட்டில் திரும்ப வேண்டியது உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தது. வந்த சரக்கைத் தரணீதரனுக்கு அப்போதாவது அனுப்பினார்களா என்றால் இல்லை. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. முதலாளிக்கு வேறு யோசனை வந்தது. லேபிளைக் கத்தரித்துவிட்டு, ஒரு மஞ்சள் பையில் ஒரு டி-ஷர்ட், ஒரு தேங்காய், ஒரு பாக்கெட் மிக்சர் போட்டு, பத்திரிகையோடு கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் கொடுத்தார். குழந்தைகளுக்குப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வரச் சொன்னார். மிச்சப் பையை மண்டபத்தில் தொழிலாளிகளுக்குத் தாம்பூலப் பையாக வைக்க ஏற்பாடு. லேபிளைக் கத்தரிக்கும் வேலையைப் பிசிர் வெட்டும் பெண்களுக்குத்தான் கொடுத்தார்கள். என் அம்மாவும் உட்கார்ந்து கத்தரித்தாள்.

அவளுக்கு வந்த பையை வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். வெளியே எடுக்கக்கூட இல்லை. முகூர்த்தத்தன்று காலையில் குளித்து, நோம்பிக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, "வண்டியை எடு கண்ணு, மண்டபத்துக்குப் போயிட்டு வந்தர்லாம்" என்றாள்.

"எனக்கு அங்க என்ன வேலை?"

"பொண்ணு ஊட்டுல இருந்து வந்ததைத் திருப்பக் கூடாதுன்னு அவருதான சொன்னாரு? திருப்புனா ஒறவு முறிஞ்சுதுன்னு அர்த்தம்னு சொன்னாரே. நான் திருப்பறேன். அத்தனை பேரு முன்னாலயும் அவரு கையில குடுத்துப்போட்டு வாரேன். அவருக்குப் புரியட்டும்."

அன்றைக்குக் காதில் விழவில்லை என்றவள் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருந்தாள். நான் வண்டியை எடுத்தேன். போகும் வழியெல்லாம் அவள் பையை மடியில் கட்டிப் பிடித்திருந்தாள். எனக்கும் அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். அது ஒன்று போதும்.

மண்டப வாசலில் முதலாளியும் சம்மந்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செண்டை மேளம் காதைப் பிளந்தது. அம்மா வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நீங்க குடுத்ததுங்க சாமி. திருப்பிக் குடுத்தர்றனுங்க. வேண்டாமுங்க."

"அட, பழனாத்தா! வா வா வா." மேளத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஏதோ சீர் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். வாங்கி, பார்க்காமலே பக்கத்தில் நின்ற ஆளிடம் தள்ளினார். "எதுக்கு இதெல்லாம்? போ, போ, சாப்புட்டுட்டுத்தான் போகோணும்." என்னைக்கூடக் கண்டார். "கண்ணு, நல்லா இருக்கறயா?" என்று கேட்டு, எனக்குப் பின்னால் வந்தவரைக் கும்பிட்டார். பையை வாங்கின ஆள் அதைத் தூக்கித் தாம்பூலப் பைகள் குவித்திருந்த மேஜை மேல் வைத்தான். எல்லாம் ஒரே மஞ்சள் பை. எது அம்மா கொண்டுவந்தது என்று அடுத்த நொடி எங்களுக்கே தெரிந்திருக்காது, அவள் கைப்பிடியில் போட்டிருந்த முடிச்சு மட்டும் இல்லாவிட்டால்.

சாப்பிட்டு முடித்து வெளியேறிக்கொண்டிருந்த ஒரு வடக்கத்திக்காரர், தோளில் சின்னப் பெண்ணோடு அந்த மேஜைக்கு வந்தார். மேஜைக்காரன் முடிச்சுப் போட்ட பையையே எடுத்து நீட்டினான். அந்தக் குழந்தை சிவப்புச் சட்டையை வெளியே இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓடிப் போயிச் சொல்லு கண்ணு. அதைத் தனியா நனைக்கோணும்னு சொல்லு. மத்த துணியோட போட்டா எல்லாம் பாழாயிரும்னு சொல்லு. நீயாவது சொல்லு."

ஓடினேன். கேட்டுக்கு வெளியே அவரைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், சட்டையைக் காட்டி, கலர் போகும், தனியாகத் துவைக்க வேண்டும் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவர் சிரித்தார். அவருக்கு என் ஹிந்தியைவிட நல்ல தமிழ் தெரிந்திருந்தது.

"தெரியும் அண்ணா. நாங்கதான் இந்தக் கலர் போட்டது. நான் பொண்ணு வீட்டு டையிங்ல வேலை. இதுக்கு சோப்பு வாஷ் போடலே."

"ஏன் போடலே?"

"சூப்பர்வைசர் போய்க் கேட்டாரு, வாஷ் வேணுமான்னு. எங்க முதலாளி வேண்டாம்னு சொன்னாரு. மாப்பிள்ளை வீட்டுத் துணி, திரும்பி வராதுன்னு சொன்னாரு."

குழந்தை சட்டையை ஆட்டி எனக்கு டாட்டா காட்டியது. அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் இரண்டு சம்மந்திகளும் யாரோ போட்டோ எடுப்பதற்காகத் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

அம்மா வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"சொல்லிட்டயா?"

"சொல்லிட்டேன். அவங்களுக்கு முன்னாலயே தெரியுமாம்மா."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.